பாகம் பிறந்த இடம்

முன்னொரு காலத்தில், ராசாக்களுக்கு வேலை குறைவாகவும் சந்தேகம் அதிகமாகவும் இருந்த காலத்தில், கடலோரமாக ஒரு நாடு இருந்தது. நாட்டின் பெயர் எனக்குத் தெரியும். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன். உதயகேசரி என்ற ராசா அதை ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். கோபம் வரும், ஆனால் சாப்பாட்டு நேரத்துக்குள் போய்விடும். அவரிடம் இருந்த ஒரே குறை, சும்மா இருக்கத் தெரியாது.

நம் கதை நடந்த சமயத்திலோ அவர் சும்மாதான் இருக்க வேண்டியிருந்தது. பட்டத்தரசி தலைப்பிரசவத்துக்காகக் கடல் கடந்து தாய்வீட்டுக்குப் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. ஆண் குழந்தை பிறந்த சேதி வந்துவிட்டது. குழந்தையோடு அரசி கப்பல் ஏறிவிட்டாள் என்ற சேதியும் வந்துவிட்டது. கப்பல்தான் வரவில்லை. அதனால் ராசா தினமும் பல் துலக்கிய கையோடு உப்பரிகைக்குப் போய், துறைமுகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

அப்படி நின்ற ஒரு காலையில், குதிரைகளை ஏற்றிவந்த ஒரு கப்பல் துறைக்குள் நுழைந்தது. அதற்கு முன்னால் ஒரு சின்னப் படகு போனது. படகில் நின்ற ஆள், ஈயக்குண்டு கட்டிய கயிறு ஒன்றைத் தண்ணீரில் விடுவதும் இழுப்பதுமாக இருந்தான். ஒவ்வொரு தடவை இழுத்த பிறகும் ஊரே கேட்கும்படி கூவினான்.

"நாலு பாகம்... மூணரை பாகம்... மூணு பாகம்..."

ஆறு மாதமாக இதே கூவல் ராசாவின் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அன்றைக்கு என்னவோ உறுத்தியது. "அது என்ன பாகம்?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். விடை கிடைக்கவில்லை. தனக்குத் தெரியாத ஒன்றை ஒரு படகுக்காரன் இவ்வளவு சத்தமாகச் சொல்கிறானே என்று கோபம் வந்தது. நேராகச் சபைக்கு நடந்தார்.

"பாகம் என்றால் என்ன? யாருக்காவது தெரியுமா?"

சபையில் யாருக்குமே தெரியாது என்ற பேச்சுக்கே இடமில்லை. அரண்மனைச் சோறு தின்கிற எவனும் தெரியாது என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. முதலில் மடைப்பள்ளித் தலைவர் எழுந்தார்.

"சமையல் பக்குவத்துக்குத்தான் பாகம் என்று பெயர், மகாராசா. கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுக்கிறார்கள் அல்லவா? எந்தப் பாகத்தில் இறக்குவது என்று கூவுகிறான் போலும்."

அடுத்து ஓதுவார் கண்ணை மூடிக்கொண்டு, இறைவன் திருமேனியில் அம்மைக்கு ஒரு பாகம் கொடுத்த கதையை ஆரம்பித்தார். "அது ஒரு பாகம்தானே? இவன் நாலு பாகம் என்கிறானே?" என்று ராசா கேட்டதும் கண்ணைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் அளவு மந்திரி நீலலோகிதர் எழுந்தார். இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த நாட்டில் நெல் அளக்கும் மரக்காலிலிருந்து துணி அளக்கும் கோல்வரை எல்லாவற்றிலும் இவருடைய முத்திரை இருக்கும். கையில் எப்போதும் பூண் போட்ட வெள்ளிக்கோல் ஒன்று வைத்திருப்பார். அவருடைய முத்திரை இல்லாமல் அந்த நாட்டில் நடமாடிய ஒரே அளவு துறைமுகத்து அளவுதான். அது அவருக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது.

"மகாராசா, பாகம் என்றால் பங்கு. சொத்தைப் பாகம் பிரிப்பது என்று குடியானவர்கள்கூடச் சொல்வார்கள். அந்தத் துறைமுகத்து ஆள் தினமும் பட்டப்பகலில் தங்கள் கடலைப் பாகம் பிரித்துக்கொண்டிருக்கிறான்."

சபை திகைத்தது. ராசாவின் மீசை துடித்தது.

"அது மட்டுமா? முதலில் நாலு பாகம் என்றான், பிறகு மூன்றரை என்றான், பிறகு மூன்று என்றான். கூவலுக்குக் கூவல் மகாராசாவின் பங்கு குறைந்துகொண்டே வருவதைக் கவனித்தீர்களா?"

ராசா கவனித்திருந்தார். அதுதான் வினையாயிற்று. "அவனைப் பிடித்து வாருங்கள்" என்றார்.

ஆழம் பார்க்கிற வேலாண்டியை ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இரண்டு கைகளையும் சேர்த்து விலங்கு மாட்டியிருந்தார்கள். நாற்பது வயது இருக்கும். கயிறு இழுத்து இழுத்துத் தோள் அகன்று, கை முழங்காலைத் தொடுகிற ஆள்.

"பாகம் என்றால் என்ன?" என்று கேட்டார் ராசா.

"பாகம்னா பாகந்தான் சாமி."

"அதைத்தான் என்னவென்று கேட்கிறேன்."

வேலாண்டி கைகளை விரிக்கப் பார்த்தான். விலங்கு கலகலத்தது. "கையை விரிச்சாத்தான் சாமி சொல்ல முடியும்" என்றான்.

"வாயால் சொல்ல முடியாத சொல்லா?" என்றார் நீலலோகிதர். "அவிழ்த்து விட்டால் அடித்துப்போட்டு ஓடப் பார்க்கிறான், மகாராசா. டேய், அந்தச் சொல் உனக்கு எங்கிருந்து வந்தது?"

"எங்கப்பாரு சொன்னாரு."

"அவருக்கு யார் சொன்னது?"

"அவுகப்பாரு சொல்லியிருப்பாரு. கேக்கலாம்னா ரெண்டு பேருமே இப்பக் கடலுக்குள்ள இருக்காக."

சபையின் ஓரத்தில் தூணில் சாய்ந்து நின்ற மயிலேறி முன்னால் வந்தான். மயிலேறிதான் அந்தச் சபையின் விகடகவி. ராசா முகம் சுளிக்கும்வரை எதையும் பேசலாம் என்ற உரிமை அவனுக்கு உண்டு. அவனுக்கும் நீலலோகிதருக்கும் ஆகாது. காரணம் சின்னது. ஒரு நாள் சபையில் மயிலேறி, "அந்த வெள்ளிக்கோல் எவ்வளவு நீளம்?" என்று கேட்டான். "ஒரு கோல் நீளம்" என்றார் மந்திரி. "ஒரு கோல் என்றால் எவ்வளவு?" என்றான். "இந்த வெள்ளிக்கோலின் நீளம்" என்றார் அவர். சபை சிரித்தது. சபை மறந்தும் போனது. நீலலோகிதர் மறக்கவில்லை.

"மகாராசா, துறைமுகத்தில் பாகம் என்பது ஆழம் அளக்கிற ஓர் அளவு. இரண்டு கையையும் விரித்தால் விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை ஒரு பாகம். சுமார் நாலு முழம் இருக்கும்" என்றான் மயிலேறி.

"என் பட்டியலில் அப்படி ஓர் அளவே கிடையாது" என்றார் நீலலோகிதர். "ஆளுக்கு ஆள் மாறுகிற கையை வைத்து எப்படி அளக்க முடியும்? இதை யார் ஏற்படுத்தினார்? எந்த ஏட்டில் இருக்கிறது? பிறந்த இடம் தெரியாத சொல்லை அரண்மனை எப்படி ஒப்புக்கொள்ளும்? விகடகவி இவனுக்கு வக்காலத்து வாங்குகிறாரே, அந்தச் சொல் பிறந்த இடத்தை அவரே காட்டட்டும். ஏட்டில் எழுதியதைக் காட்டி ஏமாற்றக் கூடாது. மகாராசா கண்ணால் பார்க்கும்படி காட்ட வேண்டும்."

ராசாவுக்கு இது பிடித்துப்போனது. கண்ணால் பார்க்கும்படி என்று யார் சொன்னாலும் அவருக்குப் பிடிக்கும்.

"நல்லது. மயிலேறி, அந்தச் சொல் பிறந்த இடத்தை எனக்குக் காட்டு. அரசி கரை இறங்குகிற நாள்வரை உனக்குக் கெடு. காட்டினால் இவன் விடுதலை. காட்டாவிட்டால் இவனைக் குடும்பத்தோடு கடல் வாடையே எட்டாத வறட்டுச் சீமைக்கு அனுப்பிவிடுவேன். துணைக்கு நீயும் போகலாம்."

வேலாண்டிக்கு மற்றது எதுவும் காதில் விழவில்லை. கடல் வாடை எட்டாத சீமை என்றது மட்டும் விழுந்தது. அப்படி ஒரு சீமை இருக்கிறது என்பதே அவனுக்கு அன்றுதான் தெரியும்.

அன்று மத்தியானமே வேலாண்டியின் மனைவி பச்சைவாழி, மயிலேறியின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கூடையில் இருந்த மீனை விற்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"என்ன அண்ணாச்சி செஞ்சாக அவுக? நாலு சத்தம் போட்டாக. சத்தம் போடாட்டா கப்ப மணல்ல ஏறிரும். அதுக்குப் போயி நாடு கடத்துவாகளா?"

"அந்தச் சொல் எங்கே பிறந்தது என்று காட்டினால் விட்டுவிடுவார்கள் தங்கச்சி. உனக்கு ஏதாவது தெரியுமா?"

"அதென்ன மாடா, கன்னுக்குட்டியா, பிறந்த எடத்தைக் காட்டுறதுக்கு?" என்றாள் அவள். பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "இப்பிடிக் கயித்தை இழுப்பாக. இது ஒரு பாகம். அப்புறம் நெஞ்சுக்குக் கொண்டாந்து மறுபடி விரிப்பாக. இது ரெண்டாம் பாகம். இதுல என்ன ரகசியம் இருக்கு? கரைக்கு வந்ததும் எம்மக ஓடியாருவா. அப்பவும் இதே மாதிரிதான் கையை விரிப்பாக. கடலுக்கு ஒண்ணு, பிள்ளைக்கு ஒண்ணுன்னு ரெண்டு கையா வச்சிருக்காக?"

மயிலேறி தன் இரண்டு கையையும் ஒரு தடவை விரித்துப் பார்த்துக்கொண்டான். பிறகு, "நீ மீனை விற்கப் போ தங்கச்சி. கெட்டுவிடப் போகிறது" என்றான்.

"அவுக வருவாகளா?"

"அரசி கப்பல் வருகிற அன்றைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு துறைக்கு வந்துவிடு" என்றான் மயிலேறி. வருவான் என்று சொல்ல அவனுக்குத் துணிச்சல் இல்லை. வறட்டுச் சீமைக்கு எந்தத் துணிமணியை எடுத்துப்போவது என்று அவன் பெண்சாதி உள்ளே அப்போதே மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தாள்.

நான்காம் நாள் காலையில் தூரத்தில் பாய்மரம் தெரிந்தது. அரசியின் கப்பல்தான். ஊர் முழுக்க முரசு அடித்தார்கள். ராசா பட்டாடை உடுத்தி, கையில் செங்கோலை எடுத்துக்கொண்டு துறைக்குப் புறப்பட்டார். மயிலேறி அந்தப் பக்கம் போகாமல் சிறைச்சாலைக்குப் போனான்.

"ராசா உத்தரவு. பாகம் என்ற சொல் பிறக்கிற இடத்தை உடனே துறைக்குக் கொண்டுபோக வேண்டும்" என்றான் சிறைக் காவல் தலைவரிடம்.

"அதற்கு ஏன் இங்கே வருகிறீர்?"

"சொல் எங்கே பிறக்கும்?"

"வாயில் பிறக்கும்."

"இந்த ஊரில் பாகம் என்ற சொல் தினமும் யார் வாயில் பிறக்கிறது?"

காவல் தலைவர் யோசித்தார். "அந்த ஆழம் பார்க்கிற ஆள் வாயில்."

"அந்த வாயைக் கொடும், நான் போக வேண்டும்."

"கைதியை வெளியே விட எனக்கு உத்தரவு இல்லையே."

"கைதியை யார் கேட்டது? வாயை மட்டும் கொடும். மிச்சத்தை நீர் உள்ளேயே பூட்டி வைத்துக்கொள்ளும், எனக்கு ஆட்சேபம் இல்லை."

காவல் தலைவர் தலையைச் சொறிந்தார். வாயை மட்டும் தனியாக எடுப்பது எப்படி என்று சட்டத்தில் சொல்லியிருக்கவில்லை. கொடுக்காவிட்டால் ராசா உத்தரவை மீறியதாகும். கடைசியில், விலங்கைக் கழற்றாமல் இரண்டு காவலரோடு வேலாண்டியை முழுசாகவே அனுப்பிவைத்தார். "வாய் வேலை முடிந்ததும் ஆளைத் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

துறையில் ஒரே குழப்பமாக இருந்தது. கப்பல் முகத்துவாரத்துக்கு வெளியே பாயை இறக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தது. மேல்தட்டில் அரசி நிற்பதுகூடத் தெரிந்தது. கையில் வெள்ளைத் துணிச் சுருளாக ஏதோ இருந்தது. அதுதான் இளவரசர். கப்பலிலிருந்து கொம்பு ஊதினார்கள். ஆனால் கப்பல் நகரவில்லை.

"ஏன் வரவில்லை?" என்று ராசா குதித்தார்.

"ஆழம் சொல்ல ஆள் போகாமல் மாலுமி உள்ளே வரமாட்டார், மகாராசா" என்றார் துறை அதிகாரி. "முகத்துவாரத்து மணல்திட்டு நேற்று இருந்த இடத்தில் இன்றைக்கு இருக்காது. இந்தக் கப்பலுக்கு மூன்று பாகத் தண்ணீராவது வேண்டும்." பாகம் என்று சொல்லிவிட்டோமே என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

ராசா நீலலோகிதரைத் திரும்பிப் பார்த்தார். "நீர்தானே அளவு மந்திரி? போய் அளந்து சொல்லும்."

வேறு வழியில்லை. நீலலோகிதர் அங்கவஸ்திரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு படகில் ஏறினார். முகத்துவாரத்துக்குப் போனதும் வெள்ளிக்கோலைத் தண்ணீரில் விட்டார். அடி தட்டவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தார். அப்போதும் தட்டவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தபோது ஓர் அலை வந்து அவரைத் தலையோடு நனைத்துப் படகை உலுக்கியது. மந்திரி படகுக்குள் விழுந்தார், கோல் கடலுக்குள் விழுந்தது.

படகில் வேலாண்டியின் ஈயக்குண்டும் கயிறும் கிடந்தன. மந்திரி அதை எடுத்து இறக்கினார், அடி தட்டியது. நனைந்த கயிற்றை மேலே இழுத்துப் பூக்காரி மாதிரி முழங்கையில் முழம் போட்டார். பத்து வந்தது. அதைக் கப்பலுக்குக் கூவிச் சொல்ல வேண்டும். பத்து முழம் என்று கூவினால் கரையில் நிற்கிறவர்கள், மந்திரி மல்லிகைப்பூ விற்கிறார் என்று சிரிப்பார்கள். பத்து பாகம் என்று அவர் வாயால் சொல்வதைவிடக் கடலில் குதிப்பது மேல். ஆகவே எண்ணை மட்டும் சொன்னார்.

"பத்து!"

கடலோடிகளுக்குப் பத்து என்றால் பத்துப் பாகம்தான். மாலுமிக்கு ஒரே சந்தோசம். பாயை விரிக்கச் சொன்னார். கப்பல் திட்டை நோக்கி ஜம்மென்று கிளம்பியது.

கரையில் வேலாண்டி அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தான். மந்திரி முழங்கையில் கயிறு அளந்ததையும் கடலையும் பார்த்தவன் விலங்கோடு முன்னால் பாய்ந்தான். "அண்ணாச்சி, தண்ணி வெளுத்துக் கெடக்கு. அது பத்துப் பாகம் இல்ல, பத்து முழம். ரெண்டரை பாகந்தான் இருக்கும். கப்ப ஏறிரும்."

மயிலேறி விகடம் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, "மகாராசா, விலங்கை அவிழ்க்கச் சொல்லுங்கள்" என்று கத்தினான். ராசா, "அவிழுங்கடா" என்று அதைவிடப் பெரிதாகக் கத்தினார். காவலர்கள் மடியில் சாவியைத் தேடினார்கள். ஒருவன் மற்றவனைப் பார்த்தான். சாவி சிறைச்சாலையில் இருந்தது.

"உன் வாய்க்கு விலங்கு போடவில்லையே, கூவு" என்றான் மயிலேறி.

வேலாண்டி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். கப்பலுக்குக் கேட்கும்படி கூவுவதுதான் அவன் தொழில்.

"ரெண்டரை பாகம்... ரெண்டரை பாகம்... பாயை இறக்கு..."

கப்பலில் மாலுமி நிமிர்ந்தார். பத்து வருசமாகக் கேட்டுப் பழகிய குரல் அது. யாருடைய பத்தையும் அவர் பிறகு லட்சியம் செய்யவில்லை. பாய் இறங்கியது, நங்கூரம் விழுந்தது. மணல்திட்டுக்கு ஒரு கல்லெறி தூரத்தில் கப்பல் தள்ளாடி நின்றது. ராசா நெற்றி வியர்வையைப் பட்டாடையிலேயே துடைத்துக்கொண்டார்.

அதற்குள் துறைக் கொல்லன் ஓடிவந்து உளியால் விலங்கை உடைத்தான். வேலாண்டி ஒரு படகில் தாவி ஏறிப் போனான். மந்திரியின் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டு வேலையை ஆரம்பித்தான். கையை விரித்தான், நெஞ்சுக்குக் கொண்டுவந்தான், மறுபடி விரித்தான்.

"மூணு பாகம்... மூணேகால் பாகம்... நாலு பாகம், வா வா வா..."

திட்டைச் சுற்றிக்கொண்டு கப்பல் அவன் பின்னாலேயே வந்து துறையில் அணைந்தது. பாலம் போட்டார்கள். அரசி குழந்தையோடு எழுந்து நின்றாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் நீலலோகிதர் தலைமயிரில் தண்ணீர் ஒழுக ராசாவின் முன்னால் வந்து நின்றார். சிலருக்குக் கடலில் முக்கி எடுத்தாலும் புத்தி ஈரமாகாது.

"மகாராசா, இவன் கூவியது நல்லதுதான். ஆனால் கெடு கெடுதானே? அரசியார் கரை இறங்குகிறார். சொல் பிறந்த இடத்தை விகடகவி இன்னும் காட்டவில்லை."

ராசாவுக்கு எரிச்சல் வந்தது. ஆனால் சொன்ன சொல் சபையில் சொன்னது. "மயிலேறி, அதை அப்புறம் பார்க்கலாமா?" என்றார் தயக்கத்தோடு.

"அப்புறம் வேண்டாம் மகாராசா. அந்த இடம் இதோ வந்துகொண்டிருக்கிறது. நீங்கள் அரசியாரை வரவேற்கப் போங்கள். உங்களுக்குப் பின்னால் ஒரு கயிறு வரும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம்."

ராசா முன்னால் நடந்தார். ஆறு மாதம் பார்க்காத மனைவியும், இதுவரை பார்த்தே இராத மகனும் எதிரே வந்தார்கள். அவர் தன்னை அறியாமல் இரண்டு கையையும் விரித்தார். மயிலேறி கண்ணைக் காட்டினான். கரையேறி வந்திருந்த வேலாண்டி ராசாவின் முதுகுப் பக்கமாக, விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை நாலு முழக் கயிற்றைப் பிடித்துப் பார்த்தான்.

"அண்ணாச்சி, ஒரு சாண் கொறையுது" என்றான்.

ராசாவின் அளவு குறைகிறது என்று அந்த நாட்டில் அதற்கு முன்னால் யாரும் சொன்னதில்லை. ராசா விரித்த கையோடு அப்படியே திரும்பினார். "ஏன் குறைகிறது?"

"வலது கையைப் பாருங்கள், மகாராசா" என்றான் மயிலேறி. "செங்கோலைப் பிடித்திருக்கிறது. அதனால் முழுசாக விரியவில்லை."

ராசா கையைப் பார்த்தார். உண்மைதான். செங்கோலைத் தூக்கி நீலலோகிதரிடம் எறிந்தார். மந்திரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ராசா மறுபடியும் கைகளை விரித்தார். இந்தத் தடவை விரல்களும் விரிந்தன.

"இப்பச் சரி. ஒரு பாகம்" என்றான் வேலாண்டி.

அரசி குழந்தையோடு அந்தக் கைகளுக்குள் வந்தாள். ராசா இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டார். கயிற்றின் ஒரு நுனி நடுவில் மாட்டிக்கொண்டது, அதை யாரும் எடுக்கவில்லை. ராசாவின் கண்கள் கலங்கியிருந்தன.

"மகாராசா, சொல் பிறந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள்" என்றான் மயிலேறி. "பிள்ளையைத் தூக்க விரிக்கிற கைதான் இவர்களுக்கு அளவு. கடலை அளக்க வேறு கோல் ஒன்று தேட வேண்டும் என்று இவர்களுக்குத் தோன்றவில்லை."

"ஆனால் ஆளுக்கு ஆள் கை மாறுமே" என்றார் நீலலோகிதர், செங்கோலைக் கட்டிப்பிடித்தபடி.

"மாறும் சுவாமி. அதனால்தான் மாலுமி கடைசியில் எண்ணை விட்டுவிட்டு இவன் குரலை நம்பினார். உங்கள் பத்தையே நம்பி வந்திருந்தால் இந்நேரம் இளவரசர் மணல்திட்டில் உட்கார்ந்திருப்பார்."

கூட்டத்தில் பச்சைவாழியின் கையை உதறிவிட்டு ஒரு சிறுமி ஓடிவந்தாள். வேலாண்டி கயிற்றைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்தான். ராசா அதையும் பார்த்தார். பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ராசா மாதிரி பேச முயன்றார்.

"வேலாண்டி விடுதலை. இன்றுமுதல் இந்தத் துறைக்கு அவன் அளவே அளவு. மயிலேறி, உங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு பாகம் நீளத்துக்குப் பொற்சங்கிலி தருகிறேன்."

"மகிழ்ச்சி, மகாராசா. பின்னால் தகராறு வரக் கூடாது அல்லவா? ஆளுக்கு ஒரு பாகம் என்று ஓலையில் எழுதிவிடட்டுமா?"

ஒரு சங்கிலி, ஆள் இரண்டு, ஆளுக்கு ஒரு பங்கு. ராசாவுக்குக் கணக்குச் சரியாகத்தான் பட்டது. "எழுது" என்றார். ஓலையை எழுதி முத்திரை வைக்க அளவு மந்திரியிடம் நீட்டினார்கள். நீலலோகிதர் படித்தார். படித்ததும் துள்ளிக் குதித்தார்.

"மகாராசா, ஏமாற்றுகிறான். ஆளுக்கு ஒரு பாகம் என்றால் இரண்டு பாகம் ஆகிறது."

"எப்படி ஆகும் சுவாமி?" என்றான் மயிலேறி பணிவாக. "பாகம் என்றால் பங்கு என்று சபையில் நீங்கள்தானே சொன்னீர்கள்?"

"பங்காவது, மண்ணாவது. பாகம் என்றால் கை விரித்த நீளம். விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை. நாலு முழம். ஊருக்கே தெரியுமே."

தாம் என்ன சொல்லிவிட்டோம் என்பது மந்திரிக்கு மெல்லத்தான் உறைத்தது. ராசாவுக்கு அவரைவிட ஒரு நொடி முன்னதாகவே உறைத்துவிட்டது. அவர் சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை சரிந்தது, இளவரசர் விழித்துக்கொண்டு வீரிட்டார்.

"அளவு மந்திரியே சொல்லிவிட்டார், பாகம் என்றால் நாலு முழம்தான். அப்படியானால் ஆளுக்கு நாலு முழம் கொடுங்கள்" என்றார் ராசா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "யார் கையால் அளப்பது, மயிலேறி?"

"வேலாண்டி கையால்தான், மகாராசா. என் கை குட்டை."

அப்படியே அளந்து கொடுத்தார்கள். மயிலேறியின் பெண்சாதி வறட்டுச் சீமைக்குக் கட்டிய மூட்டையை அவிழ்த்து, துணிகளைக் கொடியில் போட்டாள். அளவு மந்திரியின் பட்டியலில் அன்றே பாகம் ஏறியது, அவர் கையெழுத்திலேயே. அவருடைய வெள்ளிக்கோல் மட்டும் இன்னும் முகத்துவாரத்தில்தான் கிடக்கிறதாம், இரண்டரை பாகத்தில். வேண்டுமென்கிறவர்கள் போய் எடுத்துக்கொள்ளலாம். கையில் எதையும் பிடித்துக்கொண்டு போனால் ஒரு சாண் எட்டாது, அவ்வளவுதான்.